சத்துவாச்சாரி வாசலில் ஷாக் அப்சார்பர்!

சென்னை - பெங்களூரு ஹைவேஸ்ல வேலூர் கலெக்டர் ஆபீஸ் இருக்கிற ஏரியாதான் சத்துவாச்சாரி. உள்ளே திரும்பினா ஹவுசிங் போர்டு. ஃபேஸ் ஒண்ணு, ஃபேஸ் ரெண்டுனு தெருக்கள். அங்கே ஸ்பீடு பிரேக்கரைத் தாண்டின பிறகும் அப்பாவோட பழைய மாருதி 800 ஆடிக்கிட்டே வருதா? வண்டியைத் தாங்குறது ஸ்பிரிங். ஆட்டத்தை அடக்குறதுதான் ஷாக் அப்சார்பர். வேலூர் வெயில் (அது தனிக் கதை!) ஏறுறதுக்குள்ள வீட்டு வாசல்லயே மாத்திடலாம் பாஸ், ஜோடியா. ஜாக்கை மட்டும் நம்பி அடியில படுக்காதீங்க, ஸ்டாண்டு போடுங்க. முன்பக்கம்தான் வம்பு. அங்கே ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த ஸ்ட்ரட். ஸ்பிரிங் கம்ப்ரஸர் மாட்டாம மேல் நட்டைக் கழட்டினா, அமுங்கிக் கிடக்கிற ஸ்பிரிங் சீறிப் பாயும், உயிருக்கே உலை. அந்த வேலையை மெக்கானிக்கிட்ட விட்டுடுங்க. வீல் அலைன்மென்ட் பார்த்துட்டு ஹைவேஸ் ஏறுங்க.