அணில் வரைந்த அம்மாள்

நம் வீட்டு மாமரத்து அணிலின் முதுகில் இருக்கும் மூன்று கோடுகள் ராமபிரான் தடவிக் கொடுத்த விரல் அடையாளம் என்று பாட்டி உங்களுக்கும் சொல்லியிருப்பாள். இங்கிலாந்தின் செவ்வணிலுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. முதுகு வெறும் செம்பட்டை. ஆனால் ஓர் அம்மாளின் தூரிகை அதைத் தடவிக் கொடுத்திருக்கிறது. அவருடைய ஊருக்குத்தான் உங்களை அழைத்துப் போகிறேன். சால்வையோடு குடையையும் எடுத்துக் கொள்ளுங்கள். அங்கே மழைக்கு மாதக் கணக்கு கிடையாது.

லண்டன் யூஸ்டன் ஸ்டேஷனில் ரயிலேறி ஆக்ஸன்ஹோமில் மாறினால், கிளை வண்டி விண்டர்மியரில் கொண்டு விடும். ஏரி சுமார் 17 கிலோமீட்டர் நீளம். படகுத்துறையில் அக்கரைக்குப் போனால், கொஞ்ச தூரத்தில் நியர் ஸாரே என்ற குக்கிராமம். அங்கேதான் ஹில் டாப் வீடு. பியாட்ரிக்ஸ் பாட்டர் 1905-ல் வாங்கியது. மாடிப்படியையும் சமையற்கட்டையும் பார்த்தவுடனே, "இதைப் புத்தகத்தில் பார்த்திருக்கிறேனே!" என்பார்கள் உங்கள் குழந்தைகள்.

அம்மாள் 1866-ல் லண்டனில் செல்வந்தர் வீட்டில் பிறந்தவர். பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. முயல், எலி, முள்ளெலி இவைதாம் தோழிகள். அவற்றையே பார்த்துப் பார்த்து வரைந்தார். முயல் கதையைப் பிரசுரகர்த்தர்கள் வேண்டாமென்றதும், 1901-ல் தம் செலவிலேயே 250 பிரதிகள் அச்சிட்டார். மறு வருஷமே பிரசுரகர்த்தர் ஒருவர் அதை வெளியிட்டார். கதைகள் தந்த பணமும் ஒரு சொத்துப் பங்கும் சேர்ந்து ஹில் டாப் பண்ணையாயிற்று.

அணில் கதை பிறந்தது வடக்கே, டெர்வெண்ட்வாட்டர் ஏரிக்கரையில். ஏரி நடுவே ஒரு தீவு. சிறு குச்சித் தெப்பத்தில் அமர்ந்து, வாலைப் பாயாக விரித்து, அணில்கள் அந்தத் தீவுக்குப் போகின்றன! மாதிரிக்காக இரண்டு அணில்களை விலைக்கு வாங்கினாராம். இரண்டும் ஜன்ம விரோதிகள் போல் சண்டை போட்டதால், அழகான முரட்டு அணிலை வெளியேற்ற வேண்டியதாயிற்று. 1903-ல் புத்தகம் வெளிவந்தது.

1927-ல் விண்டர்மியர் கரையில் காக்ஷாட் பாயிண்ட் என்ற நிலத்தில் கட்டடங்கள் கிளம்பும் அபாயம் வந்தது. நிலத்தை வாங்கிக் காப்பாற்றப் பணம் வேண்டும். அப்போது பாட்டர் அம்மாளுக்கு வயது அறுபதுக்கு மேல். கண்பார்வையும் முன்போல் இல்லை. ஆனாலும் தம் முயல் சித்திரங்களை மீண்டும் வரைந்து, கையெழுத்திட்டு, 50 பிரதிகளை அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக் குழந்தைப் புத்தகப் பத்திரிகைக்கு அனுப்பினார். படம் ஒன்று ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். நன்கொடைச் சீட்டை நீட்டுவதைவிட இது எவ்வளவு கௌரவமான வழி! 1943-ல் காலமானபோது 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை, பண்ணைகளோடு, நேஷனல் டிரஸ்டுக்கு எழுதி வைத்திருந்தார்.

நிலம் பிழைத்தது. அணில் கதை வேறு. அமெரிக்காவிலிருந்து கினிகள் மட்டுமா வந்தன? 1876-ல் யாரோ அழகுக்காகக் கொண்டு வந்து விட்ட சாம்பல் அணிலும் அங்கிருந்து வந்ததுதான். அது உணவுக்குப் போட்டி போடுகிறது; அம்மை நோயையும் பரப்புகிறது. தனக்கு நோய் வருவதில்லை. செவ்வணில் சில நாட்களில் மடிந்து விடுகிறது. இன்று பிரிட்டனில் சாம்பல் அணில் சுமார் 27 லட்சம். செவ்வணில் மூன்று லட்சத்துக்குள், அதிலும் பெரும்பகுதி ஸ்காட்லாந்தில். 2020-ல் அழியும் ஆபத்திலுள்ள பிராணிகளின் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள்.

ஆனாலும் நீங்கள் ஏமாற வேண்டியதில்லை. கெஸ்விக் பட்டணத்துக்குப் பக்கத்தில் வின்லாட்டர் காட்டில் தீனித் தொட்டிகள் வைத்திருக்கிறார்கள். அதிகாலையில் சத்தமில்லாமல் போய் உட்காருங்கள். குளிர்காலமானால் காது நுனியில் மயிர்க் குஞ்சம் அழகாகத் தெரியும். குழந்தையிடம் பென்சிலைக் கொடுத்து, முதலில் வாலை வரையச் சொல்லுங்கள். மற்றதை வரையும் வரை அணில் காத்திருக்காது.