பதினான்காவது வரி

சங்கற்பம் என்ற சொல்லை நான் முதன்முதலிற் கேட்டது எங்கள் ஊர்க் கோவிலில். அர்ச்சனை தொடங்குமுன் குருக்கள் நாட்டையும் இடத்தையும் சொல்லுவார்; ஆண்டையும் மாதத்தையும் நாளையும் சொல்லுவார்; அதன் பின்னரே பெயரும் நட்சத்திரமும் வேண்டுதலும் வரும். வேண்டுகிறவன் எந்த மண்ணில், எந்தக் காலத்தில் நிற்கிறான் என்பதைக் கூறிய பின்பே அவனுடைய விருப்பம் கூறப்படுகிறது. இந்த ஒழுங்கின் பொருள் எனக்கு விளங்க நெடுங்காலம் சென்றது.

1966ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மாணவனாயிருந்தபோது, பெஞ்சமின் பிராங்கிளினின் சுயசரிதை என் கைக்கு வந்தது. அவர் இளமையில் 13 நற்பண்புகளை வகுத்து, சிறு குறிப்பேடொன்றிற் கோடு கீறி, நாளாந்தம் தம்மைத் தாமே விசாரித்தவர். தவறிய பண்புக்கு எதிரே ஒரு கரும்புள்ளி. வாரத்துக்கு ஒரு பண்பிற் சிறப்புக் கவனம். 13 வாரங்களில் ஒரு சுற்று. ஆண்டுக்கு நான்கு சுற்று. முழுமையைத் தாம் எட்டவில்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

நானும் ஒரு கொப்பி வாங்கினேன். இரவிற் தேவாரம் பாடி முடிந்ததும் விளக்கின் முன் அமர்ந்து அன்றைய நாளை மீட்டுப் பார்ப்பேன். முதல் மாதங்களிற் கோபத்துக்கும் சோம்பலுக்கும் வீண்பேச்சுக்கும் எதிரே புள்ளிகள் மொய்த்தன. ஆவணி பிறப்பதற்குள் அவை அருகிவிட்டன. உள்ளம் தூய்மையடைகிறது என்று பெருமிதங் கொண்டேன்.

அந்த ஆவணியில் வேலி அடைக்க ஒருவர் வந்தார். அம்மா தேநீர் ஊற்றித் தந்தார். அடுக்கில் மூக்குப்பேணிகள் மினுங்கின. அவருக்கோ குசினி இறப்பிற் செருகியிருந்த சிரட்டை. அதை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். சாதியின் பெயராற் சமூகக் குறைபாடுகளை விதிப்பதைத் தடுக்கும் சட்டம் 1957இல் நிறைவேறி ஒன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. எங்கள் குசினி வாசலை அது எட்டவில்லை.

அன்றிரவு கொப்பியைத் திறந்தேன். கோபிக்கவில்லை, சோம்பியிருக்கவில்லை, பொய் சொல்லவில்லை. ஒரு புள்ளிக்கும் இடமில்லை. அந்த வெண்மை என்னைச் சுட்டது. பிராங்கிளினின் பட்டியலில் நீதியும் ஒன்று. ஆயினும் அவர் அடிமைகளை வைத்திருந்தவர். 1787இலேதான் அடிமை ஒழிப்புச் சங்கமொன்றின் தலைவரானார். அடிமைமுறைக்கு எதிரான விண்ணப்பத்தில் ஒப்பமிட்டது 1790இல், தாம் இறந்த ஆண்டில். அத்துணை நுணுக்கமாகத் தம்மைச் சோதித்தவருக்கே தம் வீட்டினுள் நின்ற மனிதரைக் காண அத்தனை காலம் பிடித்தது.

பதினான்காவது வரியொன்றைச் சேர்த்தேன்: “இன்று என் கையால் யார் தாழ்த்தப்பட்டார்?”

மறுநாள் மூக்குப்பேணியில் தேநீர் கொண்டுசென்றேன். அவர் கைநீட்டவில்லை. “வேண்டாம், சின்னக் கமக்காரன். அம்மா கண்டால் நாளைக்கு எனக்கு வேலை இல்லை” என்றார். என் ஆன்ம சுத்திக்குரிய விலையை அவருடைய உலைப்பானையிலிருந்து எடுக்கப் பார்த்திருக்கிறேன்! அன்று முதல் நான் சிரட்டையிலே குடித்தேன். அம்மா அழுதார், பல நாட்கள் பேசவில்லை. ஈற்றில் ஒரு மாலை, சிரட்டையைத் தாமே அடுப்பில் எறிந்தார்.

வென்றுவிட்டதாக எண்ணினேன். 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் தீண்டாமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட்டது. வேலி அடைத்தவரும் அதிற் சென்றவர் எனப் பின்னர் அறிந்தேன். நானோ அன்று வீட்டிலிருந்து கொப்பி எழுதினேன். அந்த நாளுக்குரிய புள்ளியை வெகு காலத்தின் பின்பே இட்டேன்.

நண்பர்களே, அகத்தாய்வு முற்போக்காளனுக்கு ஆகாதது என்று நான் கருதவில்லை. கூட்டத்திற் சமத்துவம் பேசிவிட்டு வீட்டிற் சாதி பார்ப்பவனைப் பிடித்து நிறுத்த, இரவின் அந்தக் கால்மணி நேரம் வேண்டும். ஆனால் தன்னை மட்டுமே பார்க்கும் ஆய்வு கண்ணாடி பார்ப்பது போன்றது. அதில் முதுகுக்குப் பின்னே நிற்பவரின் பசி தெரியாது.

பதின்மூன்று பண்புகள் 52 வாரங்களுக்குள் அழகாக அடங்கும். பதினான்கு அடங்காது. ஆகவே அந்த வரிக்கு வாரம் ஒதுக்குவதை விட்டேன். அது நாள்தோறும் உரியது. ஓய்வுபெற்ற ஆசிரியனாகிய நான் இன்றும் கொப்பியைத் திறந்தால் முதலில் எழுதுவது ஊரின் பெயரும் தேதியுமே. என் பெயர் அதற்குப் பின்பு. சென்ற கிழமை அந்த வரிக்கு எதிரே இரண்டு புள்ளிகள்.