ஜன்னல் மாறும்போது ஆளும் மாறிடக்கூடாது

1/ அரசு மருத்துவமனை ஓ.பி.யில டாக்டர் உங்க முகத்தைப் பாக்காம கம்ப்யூட்டரையே பாக்குறாருன்னு உங்களுக்கு வருத்தம் இருக்கும். நியாயம்தான். அந்தத் திரையில என்ன நடக்குதுன்னு இன்னைக்குச் சொல்றேன். கேட்டா கீபோர்டு ஷார்ட்கட் சமாச்சாரம் மாதிரி இருக்கும். ஆனா உங்க உடம்பு சம்பந்தப்பட்டது.

2/ கர்ப்பிணிகள் பரிசோதனை நாள்னு வச்சுக்கோங்க. பிக்மி பதிவு ஒரு ஜன்னல், லேப் ரிசல்ட் ஒரு ஜன்னல், மருந்துச் சீட்டு ஒரு ஜன்னல். வெளியே வரிசை வராண்டா தாண்டி நிக்குது. மவுஸைத் தேடிக்கிட்டு இருந்தா வேலை ஓடாது. அதனால எல்லாருக்கும் கை போறது ஆல்ட் + டேப்புக்குத்தான்.

3/ நம்ம கல்லணையை நினைச்சுக்கோங்க. வர்ற தண்ணி காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம்னு நாலா பிரியும். எந்த ஷட்டரைத் தூக்குறாங்களோ அந்தப் பக்கம் தண்ணி போகும். கம்ப்யூட்டர்ல ஒரு நேரத்துல ஒரே ஒரு ஷட்டர்தான் திறந்திருக்கும். எத்தனை ஜன்னல் இருந்தாலும், நீங்க தட்டுற எழுத்து எல்லாம் அந்த ஒண்ணுக்குள்ளதான் போகும்.

4/ ஆல்ட் + டேப்புக்கு ஜன்னல்களோட இடம் தெரியாது. கடைசியா எதைப் பாத்தீங்களோ அதுக்குத்தான் கூட்டிட்டுப் போகும். ரெண்டு ஜன்னலுக்கு நடுவுல போய் வர அருமையான வசதி. ஆனா நடுவுல சிஸ்டர் வந்து, "சார், அந்த இன்னொரு அம்மாவோட ரிப்போர்ட் வந்துடுச்சா?"ன்னு கேட்டு நீங்க அதைத் திறந்து பாத்துட்டா, வரிசை மாறிடும். அடுத்த ஆல்ட் + டேப் நீங்க நினைச்ச இடத்துக்குப் போகாது.

5/ இங்க பேர்களும் ஒண்ணுபோலவே இருக்கும். புன்னைநல்லூர் மாரியம்மன் புண்ணியத்துல ஒரே நாள்ல ரெண்டு மாரியம்மாள் வருவாங்க. ஒருத்தருக்கு ஹீமோகுளோபின் 11, இன்னொருத்தருக்கு 6.8. முதலாமவர் மாத்திரை வாங்கிட்டு வீட்டுக்குப் போகலாம். ரெண்டாமவரை அட்மிட் பண்ணணும், ரத்தம்கூட ஏத்த வேண்டி வரலாம். மாறிப் போனா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

6/ இதுக்கு ஒரு வழி: ஜன்னலுக்கு நிரந்தர இடம் கொடுக்குறது. பிரவுசர்ல கன்ட்ரோல் + 1 முதல் டேப், கன்ட்ரோல் + 2 ரெண்டாவது. நடுவுல யார் குறுக்கிட்டாலும் எண் மாறாது. விண்டோஸ் கீயோட இடது, வலது அம்புக்குறியை அழுத்தினா ரெண்டு ஜன்னலும் பக்கத்துல பக்கத்துல நிக்கும். ஐ.டி.யில இருக்குறவங்களுக்கு இது புதுசு இல்ல. டீமக்ஸ்ல கன்ட்ரோல் + பி, அப்புறம் கியூ அழுத்தினா ஒவ்வொரு கட்டத்துக்கும் எண் தெரியும். அந்த எண்ணைத் தட்டினா நேரா அங்க போயிடலாம்.

7/ "ஒரே நேரத்துல ஒரு நோயாளியோட பதிவை மட்டும் திறக்க விட்டா போதுமே?"ன்னு கேப்பீங்க. நியூயார்க்கில் அதையும் சோதிச்சுப் பாத்தாங்க. 2019-ல ஜாமா இதழ்ல முடிவு வந்துச்சு. 3,356 பேரை ரெண்டு குழுவாப் பிரிச்சு, ஒரு குழுவுக்கு 1 பதிவு, இன்னொரு குழுவுக்கு 4 பதிவு வரை திறக்க அனுமதி. ஆள் மாறி எழுதுற தவறுல குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்ல.

8/ அதே ஊர்ல 2013-ல வந்த இன்னொரு ஆய்வுல, ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி நோயாளியோட அடையாளத்தை மறுபடி டைப் பண்ண வச்சாங்க. தவறு 41% குறைஞ்சது. ஆக, ஜன்னலைக் குறைக்குறதைவிட ஒரு நொடி நின்னு "இது யாரு?"ன்னு கேக்குறதுதான் காப்பாத்துது.

9/ அதனால மக்களே, நீங்க செய்ய வேண்டியது மூணு:
- பேரோட வயசு, ஊர், கணவர் அல்லது அப்பா பேரையும் சேத்துச் சொல்லுங்க.
- கர்ப்பிணிகள் 12 இலக்க ஆர்.சி.எச். எண்ணைக் கையில வச்சுக்கோங்க.
- சீட்டு கைக்கு வந்ததும் பேரைப் படிச்சுப் பாருங்க. படிக்கத் தெரியலைன்னா சிஸ்டர்கிட்ட படிக்கச் சொல்லுங்க.

10/ "இப்பதானே சொன்னேன், திரும்ப பேர் கேக்குறாரே"ன்னு கோவப்படாதீங்க. அந்த டாக்டர் சரியான ஷட்டரைத்தான் தூக்குறாரான்னு பாத்துக்கிட்டு இருக்காரு.