கைமாறும் இருக்கை

ஆஸ்திரேலியாவில் டூரிங் கார் பந்தயம் என்று வழங்கப்படுவது, சாலையில் நாள்தோறும் ஓடும் கார்களின் தோற்றத்தை ஒட்டி அமைந்த கார்களைக் கொண்டு நடத்தப்படும் போட்டி. 1960இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் ஆரஞ்ச் நகரில் ஒரே பந்தயமாகத் தொடங்கிய அதன் தேசியப் பட்டப்போட்டி, 1969 முதல் பல ஓடுதளங்களில் நடைபெறும் தொடராக விரிந்து, இன்று சூப்பர்கார்ஸ் என்னும் பெயரில் அறியப்படுகிறது. பந்தய நாள்களுக்கு இணையான பரபரப்பை அதன் ரசிகர்களுக்குத் தருவது, எந்த ஓட்டுநர் அடுத்த ஆண்டு எந்த அணிக்குப் போகிறார் என்னும் பேச்சு. பருவம் பாதி கடப்பதற்குள்ளேயே தொடங்கிவிடும் அந்தப் பேச்சில் ஒப்பந்தம், விளம்பரதாரர், பழைய மனத்தாங்கல், புதிய கூட்டு எல்லாம் அலசப்படும். ஆனால் இதே விளையாட்டில் ஓட்டுநர் மாறும் இன்னொரு தருணமும் உண்டு. நெடுந்தொலைவுப் பந்தயங்களில் ஒரே காரை இருவர் பங்கிட்டு ஓட்டுவதால், பந்தயத்தின் நடுவே ஒருவர் இறங்க மற்றவர் ஏறுகிறார். ஓர் அணி ஆளைச் சரியாகத்தான் தேர்ந்திருக்கிறதா என்பதற்கு, ஒப்பந்தத் தாளில் விழும் கையெழுத்தைவிட, இருக்கை இன்னொருவருக்குக் கைமாறும் அந்தச் சில விநாடிகளே நம்பத்தகுந்த சான்று என்று கருத இடமிருக்கிறது.

இதைக் காண ஏற்ற இடம் பாதர்ஸ்ட். சிட்னிக்கு மேற்கே உள்ள அந்த ஊரின் மவுண்ட் பனோரமா குன்றில் ஏறி இறங்கும் 6.213 கிலோமீட்டர் தடம், ஆண்டின் பெரும்பகுதியில் ஊர்மக்களின் வண்டிகள் போய்வரும் பொதுச்சாலை. அதன் தாழ்ந்த இடத்துக்கும் உச்சிக்கும் இடையே 174 மீட்டர் உயர வேறுபாடு இருக்கிறது. உச்சிப்பகுதியில் தடம் குறுகி, கான்கிரீட் சுவர்கள் காரை உரசும் அளவுக்கு நெருங்கி நிற்கின்றன. அங்கு நடக்கும் 1,000 கிலோமீட்டர் பந்தயத்துக்கு 161 சுற்றுகள். ஆண்டு முழுவதும் அந்தக் காரை ஓட்டுபவர் முதன்மை ஓட்டுநர் என்றும், நெடும்பந்தயங்களுக்கு மட்டும் அழைக்கப்படுபவர் இணை ஓட்டுநர் என்றும் அழைக்கப்படுகின்றனர். இருவரும் தலா குறைந்தது 54 சுற்றுகளை, அதாவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை, ஓட்டியாக வேண்டும் என்பது விதியாதலால், வேகமானவரை மட்டுமே நம்பி முழுத் தொலைவையும் கடந்துவிடலாம் என்று எந்த அணியும் கணக்குப் போட முடியாது.

எரிபொருள் நிரப்பவும் சக்கரம் மாற்றவும் ஒதுக்கப்பட்ட, வேகக் கட்டுப்பாடு உள்ள பிட் பாதைக்குள் நுழைந்து, தன் அணியின் இடத்தில் கார் நின்றதும், அடியில் பொருத்தப்பட்ட காற்றழுத்த ஜாக்கிகள் அதைத் தரையிலிருந்து தூக்குகின்றன. ஒருபுறம் எரிபொருள் குழாய் இணைக்கப்படும்போதே மறுபுறம் கதவு திறக்கிறது. இறங்குபவர் தோளையும் இடுப்பையும் இறுக்கியிருக்கும் பட்டைகளின் பூட்டைத் திருகி விடுவித்து, தலைக்கவசத்தோடு இணைந்த ரேடியோ கம்பியையும், குடிநீர்க் குழாயையும், உடலைக் குளிர்விக்கும் சட்டைக்குக் குளிர்நீர் செலுத்தும் குழாயையும் கழற்றிக்கொண்டு வெளியேறுகிறார். ஏறுபவரின் உயரம் வேறாக இருந்தால் அவர் அளவுக்கு வார்த்த திண்டு இருக்கையில் வைக்கப்படுகிறது. பிறகு கழற்றிய ஒவ்வொன்றும் தலைகீழ் வரிசையில் மீண்டும் பூட்டப்பட வேண்டும். எரிபொருள் நிரம்பும் நேரத்துக்குள் இவ்வளவும் முடிந்துவிட்டால் ஆள்மாற்றத்துக்கென்று தனியாக ஒரு விநாடியும் செலவாகாது. ஒரு பட்டை முறுக்கிக்கொண்டாலோ, ஒரு குழாய் வாயிலில் பொருந்த மறுத்தாலோ, அங்கே இழந்ததை மலைமேல் மீட்பதற்குப் பல சுற்றுகள் தேவைப்படும். ஆண்டு முழுவதும் பட்டறையில் இந்த ஏறி இறங்கும் பயிற்சியை அணிகள் விடாமல் செய்வதற்குக் காரணம் இதுவே.

கைகள் செய்யும் இந்த வேலையைவிட நுட்பமானது, காரின் நிலையை ஒப்படைக்கும் வேலை. பிரேக் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, எந்த டயர் பிடிப்பை இழக்கிறது, எந்த வளைவில் எண்ணெய் சிந்தியிருக்கிறது என்பனவற்றை இறங்குபவர் சொல்ல, ஏறுபவர் அதை நம்பி முதல் சுற்றிலேயே முழுவேகத்தில் போக வேண்டும். அதற்கும் முன்பாக, காரின் ஸ்பிரிங், ஸ்டியரிங், பிரேக் ஆகியவை ஒருவரின் விருப்பத்துக்கு மட்டும் அமையாமல் இருவருக்கும் பொதுவாக அமைந்திருக்க வேண்டும். ஒருவர் அளவுக்குத் தைத்த சட்டையை இன்னொருவர் நாள் முழுவதும் அணிந்து உழைப்பதைப் போன்ற சங்கடம் இதில் உண்டு. எனவே இணை ஓட்டுநரைத் தேடும் அணி, தனியே ஒரு சுற்றை மிக வேகமாக ஓட்டிக் காட்டுபவரைவிட, அடுத்தவரின் காரைச் சேதமின்றியும் நேர இழப்பின்றியும் திருப்பித் தருபவரையே பெரிதாக மதிக்கிறது. முன்பு ஓர் அணி தன் இரண்டு முதன்மை ஓட்டுநர்களையும் ஒரே காரில் அமர்த்தலாம் என்றிருந்தது. கிரெய்க் லவுண்ட்ஸும் ஜேமி விங்கப்பும் அவ்வாறு இணைந்து 2006, 2007, 2008 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து பாதர்ஸ்டை வென்றனர். 2010 முதல் அந்த வழி அடைக்கப்பட்டதால் இணை ஓட்டுநர் தேர்வு ஒவ்வோர் அணிக்கும் தலையாய பொறுப்பாயிற்று. அவ்வாண்டு லவுண்ட்ஸ், முழுப் பருவ ஓட்டத்திலிருந்து முன்னரே விலகியிருந்த மார்க் ஸ்கைஃபை உடன்கொண்டு வென்றது, விதி மாற்றத்துக்குப் பின் அனுபவத்துக்குக் கூடிய மதிப்பை எல்லா அணிகளுக்கும் உணர்த்தியது.

அணி என்பது இரண்டு கார்களைக் கொண்டதாக இருப்பதிலிருந்து வேறொரு சிக்கல் பிறக்கிறது. இரு கார்களுக்கும் பிட்டில் ஒரே இடம்தான். விபத்து நேர்ந்ததும் பாதுகாப்பு வாகனம் தடத்துக்கு வந்து எல்லாக் கார்களையும் மெதுவாகத் தன் பின்னே வரச் செய்யும்போது, அனைவரும் ஒரே நேரத்தில் பிட்டுக்குள் நுழைய விரும்புவர். அப்போது ஓர் அணியின் இரண்டாவது கார், முதல் காரின் வேலை முடியும்வரை பின்னால் காத்து நிற்க நேரிடும். யாரை முதலில் அழைப்பது என்பது இருவரில் யாருடைய பந்தயத்தை விட்டுக்கொடுப்பது என்பதற்குச் சமம். 2019 பாதர்ஸ்டில் டிஜேஆர் டீம் பென்ஸ்கி அணி, இத்தகைய தருணமொன்றில் தன் ஓட்டுநர் ஃபேபியன் கூல்தார்டிடம் வேகத்தைக் குறைக்கும்படி ரேடியோவில் சொல்ல, அவருக்குப் பின்னே முழு வரிசையும் தேங்கியது. அதே அணியின் ஸ்காட் மெக்லாஃப்லின் அந்தப் பந்தயத்தை வென்றார். விசாரணைக்குப் பின் அணிக்கு 2,50,000 ஆஸ்திரேலிய டாலர் அபராதமும் புள்ளி இழப்பும் விதிக்கப்பட்டதோடு, கூல்தார்டின் கார் கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்டது. வெற்றி மட்டும் மாறவில்லை. இதில் அதிகம் பேசப்படாதவர், கூல்தார்டின் இணை ஓட்டுநரான டோனி டி’ஆல்பர்ட்டோ. கட்டளை வந்தபோது காரில் இல்லாத அவர், தன் பங்குக்கு ஓட்டிய சுற்றுகளின் பயனையும் அந்தத் தீர்ப்பில் சேர்த்தே இழந்தார். இருக்கையைப் பங்கிடுபவர்கள் ஒருவர் வினையின் பலனை மற்றவரும் ஏற்க வேண்டியிருப்பதை இதைவிடக் கசப்பாகக் காட்டும் நிகழ்ச்சி இந்த விளையாட்டில் அரிது.

அணிக்காக ஓர் ஓட்டுநர் விட்டுக்கொடுப்பதற்கு முன்னோடியாக 1977ஆம் ஆண்டின் பாதர்ஸ்ட் பந்தயத்தைச் சொல்லலாம். ஹோல்டன் காரில் 1969இல் பாதர்ஸ்டையும் 1975இல் தேசியப் பட்டத்தையும் வென்றிருந்த கொலின் பாண்ட், அந்த ஆண்டு எதிர்முகாமான ஃபோர்டுக்கு மாறி, ஆலன் மொஃபாட்டின் அணியில் சேர்ந்தார். பந்தய முடிவில் மொஃபாட்டின் கார் பிரேக் தேய்ந்து தளர்ந்திருக்க, பின்னால் வந்த பாண்ட் அவரைத் தாண்டாமல் அருகிலேயே ஓட்டிவர, இரு ஃபோர்டு ஃபால்கன் கார்களும் ஏறத்தாழ ஒரே வரிசையில் கோட்டைக் கடந்தன. அந்தக் காட்சி இன்றும் ஃபோர்டு ரசிகர்களின் பெருமிதம். ஆனால் முன்னால் சென்றவர் அணியின் உரிமையாளராகவும் இருந்தார் என்பதை மறந்துவிட்டு அதைப் பார்ப்பது பாண்டுக்கு நியாயம் செய்வதாகாது.

பீட்டர் பிராக்கின் வரலாறு இருக்கையின் உரிமை பற்றிய கேள்வியை இன்னும் கூர்மையாக எழுப்புகிறது. பாதர்ஸ்டை ஒன்பது முறை வென்ற அவர், 1983இல் தம் காரின் என்ஜின் தொடக்கத்திலேயே பழுதாகிவிட, அன்றைய விதி இடம் தந்ததால், லேரி பெர்கின்ஸுடன் அணியின் இரண்டாவது காருக்கு மாறினார். ஜான் ஹார்வி ஓட்டிக்கொண்டிருந்த அந்தக் கார் வென்றது. அதில் ஹார்வியின் துணையாகப் பெயர் கொடுத்திருந்த பிராக்கின் தம்பி ஃபில் பிராக் ஒரு சுற்றும் ஓட்டாமல் பிட்டிலேயே நின்றார். 1987இலும் பிராக் இவ்வாறே இரண்டாவது காருக்கு மாறி, முன்னால் முடித்த இரு ஃபோர்டு சியரா கார்கள் பின்னர் தகுதியிழந்ததால் வெற்றி பெற்றார். இன்று இத்தகைய மாற்றத்துக்கு விதி இடம் தருவதில்லை. ஒன்பது வெற்றிகளின் மதிப்பு இதனால் குறைவதாக எண்ண வேண்டியதில்லை. மழையிலும் வெயிலிலும் அந்த மலையை அவரளவு அறிந்தவர் வேறில்லை. ஆயினும் அவ்வெற்றிகளில் இரண்டு, வேறொருவர் எழுந்து இடம்விட்டதால் கிடைத்தவை என்பதும் கணக்கில் வர வேண்டும்.

அந்த 1987இன் தொடக்கத்தில்தான் பிராக்கும் ஹோல்டன் நிறுவனமும் பிரிந்தனர். 1988இல் அவர் பிஎம்டபிள்யூ காரிலும், அடுத்த ஆண்டு ஃபோர்டிலும் அமர்ந்தபோது, குடும்பமே ஹோல்டன் அல்லது ஃபோர்டு என்று பிறப்பு அடையாளம்போல் பிரிந்து நின்ற ரசிகர் கூட்டத்துக்கு அதை ஏற்பது எளிதாக இல்லை. ஹோல்டனில் மூன்று முறை சாம்பியனான லவுண்ட்ஸ் 2001இல் ஃபோர்டுக்குச் சென்றபோதும் அதே அதிர்ச்சி எழுந்தது. அவர் 2005இல் சேர்ந்த டிரிபிள் எய்ட் அணியே, ஃபோர்டின் நிதியாதரவு நின்ற பிறகு, 2010இல் ஹோல்டனுக்கு மாறியது. அவ்வாறு அவர், தம் அணியை விட்டு நகராமலே பழைய முகாமுக்குத் திரும்பிவிட்டார். 2020இல் ஹோல்டன் என்னும் பெயரையே ஜெனரல் மோட்டார்ஸ் கைவிடுவதாக அறிவித்து, 2022 இறுதியில் அக்கார்கள் களத்திலிருந்து விடைபெற்ற பின், நெடுங்காலம் ஹோல்டனின் அதிகாரபூர்வ அணியாக விளங்கிய வாக்கின்ஷா அணி 2023இல் ஃபோர்டை ஏற்றது. எந்தச் சின்னத்துக்காக ஓட்டுநரைத் துரோகி என்று ஏசினார்களோ, அந்தச் சின்னத்தை நிறுவனமே ஏறக்கட்டிவிட்டது. ஓட்டுநர்கள்மீது முன்பு வீசப்பட்ட அந்தச் சொல் எவ்வளவு அநியாயமானது என்பது இப்போது தெளிவாகத் தெரிகிறது.

அணிகள் ஆளைத் தேர்வதிலும் கைவிடுவதிலும் பிழை நேர்வது இயல்பே. 2003இல் கேரி ரோஜர்ஸ் அணியில் ஓராண்டு ஓட்டி இடமிழந்த விங்கப், பின்னர் டிரிபிள் எய்டில் ஏழு முறை சாம்பியனானார். இதற்கு மாறாக, 2003, 2004 ஆண்டுகளின் சாம்பியனாகி அமெரிக்காவின் நாஸ்கார் தொடருக்குச் சென்றுவிட்டுத் திரும்பிய மார்கோஸ் ஆம்ப்ரோஸ், 2015 பருவம் தொடங்கிய சிறிது காலத்திலேயே, தமக்கென உருவாக்கப்பட்ட இருக்கையைத் தாமே ஸ்காட் பைக்கு விட்டுக்கொடுத்து ஒதுங்கினார். புகழின் உச்சியிலிருந்து வந்த ஒருவர் தன் வேகம் போதவில்லை என்று கண்டு விலகுவதற்கு வேண்டிய நேர்மை, பட்டம் வெல்வதற்கு வேண்டிய திறமையைவிடக் குறைந்ததன்று. கார்த் டேண்டரும் குறிப்பிடத்தக்கவர். 2007இன் சாம்பியனான அவர், 2018க்குப் பின் முழுப் பருவ இருக்கையை இழந்து, இணை ஓட்டுநராக மட்டும் அழைக்கப்பட்டார். ஆனால் அதன் பிறகும் 2020இலும் 2022இலும் ஷேன் வான் கிஸ்பெர்கனுடனும், 2025இல் மேத்யூ பெய்னுடனும் பாதர்ஸ்டை வென்றார்.

அண்மைய நிகழ்ச்சிகளில் இரண்டு வகை மாற்றங்களும் ஒரே இழையில் வந்து முடிச்சிட்டது 2024இல். முந்தைய ஆண்டு எரெபஸ் அணியில் சாம்பியனான பிராடி கோஸ்டெக்கி, புதிய பருவத்தின் முதல் இரண்டு கட்டங்களிலும் பங்கேற்கவில்லை. அவருடைய இருக்கையில் டாட் ஹேசல்வுட் அமர்த்தப்பட்டார். முழுப் பருவ ஓட்டுநராக இருந்து அந்த வாய்ப்பை இழந்திருந்த ஒருவருக்கு, சாம்பியனின் கார் கிடைப்பதும், உரியவர் வந்ததும் அதை முறுக்கின்றித் திருப்பித் தருவதும் எளிய சோதனைகள் அல்ல. கோஸ்டெக்கி திரும்பிய பின் ஹேசல்வுட் அதே காரின் இணை ஓட்டுநரானார். அக்டோபரில் இருவரும் முதலிடத்தில் புறப்பட்டு, பிராக் ஃபீனி கடைசிவரை நெருக்கியும் இடங்கொடாமல், பாதர்ஸ்டை வென்றனர். அந்த ஆண்டின் இறுதியில் கோஸ்டெக்கி எரெபஸை விட்டு டிக் ஜான்சன் ரேசிங் அணியில் சேர்ந்தபோது, ரசிகர்களின் பேச்செல்லாம் அவருடைய இடமாற்றத்தைப் பற்றியே இருந்தது. 2025இன் நெடும்பந்தயங்களில் அவருடைய புதிய காரைப் பங்கிட்டுக்கொள்ள அந்த அணி அமர்த்தியவர் ஹேசல்வுட்.