மெருகும் மௌனமும்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் காலை எட்டு மணிக்கு நடந்து போகிறவரை வாசனைகள்தாம் முதலில் வரவேற்கும். சுக்கும் மிளகும் ஏலமும் கிடங்குகளின் கதவிடுக்கு வழியாக வீதிக்கு வந்து, காயலிலிருந்து வீசும் ஈரக்காற்றோடு கலந்து, ஒவ்வொரு வாசலிலும் ஒவ்வொரு விதமாக நாசியைத் தொடும். 1568இல் எழுந்த பரதேசி யூதர் ஜெபாலயத்தை நோக்கிச் செல்லும் தெருவில் திரும்பியதும் அந்த மணம் மாறுகிறது. பழம்பொருள் கடைகளின் பின்கட்டுகளில், தேக்கு அலமாரிகளுக்கும் ஈட்டி மேஜைகளுக்கும் மறுபடி உயிர் கொடுக்கும் பாலிஷ்காரர்களின் கிண்ணங்களிலிருந்து, ஸ்பிரிட்டில் கரைந்த அரக்கின் மணம் எழுந்து வருகிறது. சென்ற ஐப்பசியில் ஒரு நாள், பழைய போர்வையில் சுற்றிய எலெக்ட்ரிக் கிதார் ஒன்றைத் தோளில் சார்த்திக்கொண்டு, என் தங்கை மகனுடன் அந்த மணத்தைத் தேடிச் சென்றேன்.

கிதார் அவன் கையால் உருவானது. களமசேரியில் பொறியியல் படிக்கும் அவன், ஓராண்டு சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஒரு 'கிட்' வாங்கினான். வடிவம் வெட்டப்பட்டு வர்ணம் காணாத மர உடல், இருபத்திரண்டு மெட்டுகள் பதித்த கழுத்து, இரண்டு பிக்கப், ஒரு சுவிட்ச், இரண்டு கன்ட்ரோல், கொஞ்சம் ஒயர் ஆகியவையே பெட்டிக்குள் வந்தவை. ஆடி மாதத்தில், மழை விடாது கொட்டிய நாட்களில், வீட்டுத் தாழ்வாரத்திலேயே அவன் லாக்கரைப் பீச்சி அடித்தான். மறுநாள் காலையில் அந்த உடல் முழுவதும் பனி மூடினாற்போல் வெளுத்துக் கிடந்தது. ஒயர்களையும் தானே பற்றவைத்தான். ஆம்ப்ளிஃபையரில் இணைத்தபோது பாட்டைவிட இரைச்சலே பெரிதாகக் கேட்டது. மனம் ஒடிந்துபோய் அதைப் பரண்மேல் ஏற்றிவிட்டான். ஓர் இளைஞனின் முதல் பிரயாசை அங்கே தூசி படிந்து கிடப்பதைக் காணச் சகியாமல்தான் நான் அதைக் கீழே இறக்கினேன்.

நாங்கள் கண்ட பாலிஷ்காரருக்கு எழுபதை நெருங்கும் வயது. அவருடைய தகப்பனார் தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக இங்கே வந்தவர். இவரோ இந்த ஊரிலேயே பிறந்து, மலையாளம் கலந்த நெல்லைத் தமிழ் பேசுகிறவர். கிதாரை மடிமேல் கிடத்தி, வெளுத்த இடத்தைக் கட்டைவிரலால் நிதானமாகத் தடவிப் பார்த்தார்.

"தம்பி, மழைய உள்ள வச்சுப் பூட்டிட்டீங்களே," என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு சாஸ்திரமே அடங்கியிருந்தது. லாக்கரில் கலந்த தின்னர் விரைந்து ஆவியாகும்போது மரத்தின் மேற்பரப்பைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த இடத்தில் காற்றிலுள்ள ஈரம் நுண்துளிகளாகப் படிகிறது. அந்தத் துளிகள் உலரும் படலத்தில் சிக்கிக்கொண்டு வெண்மையாய்த் தோன்றுகின்றன. "கர்க்கடகத்துல நான் கிண்ணத்தையே எடுக்க மாட்டேன், துலா மாசத்துல உச்சிக்கு முன்னால வேலைய முடிச்சிருவேன், மத்தியானம் இடி வந்துரும்," என்றார் அவர். சொன்னபடியே ஆறு நாள், எட்டு மணி முதல் பன்னிரண்டு மணி வரை, அந்த வேலை நடந்தது.

வெளுத்த படலத்தை உப்புத்தாளால் தேய்த்து முழுவதும் நீக்கினார். முதலில் 120ஆம் நம்பர், பிறகு 220, பிறகு 320. எப்போதும் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே கை ஓடிற்று. பிறகு ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து உலரவிட்டார். நனைந்த மரம் படுத்திருந்த நார்களை எழுப்பிவிடும் என்றும், இப்போது எழுந்ததை இப்போதே தேய்த்துவிட்டால் பிறகு அது எழாது என்றும் விளக்கினார். அதன் பின்னரே அரக்குக் கிண்ணம் வந்தது. பழைய வேட்டித் துணிக்குள் பஞ்சை வைத்து முடிந்த ஒரு சிறு பொதியை அரக்கில் தோய்த்து, உள்ளங்கையில் ஒற்றி அளவு பார்த்து, அது ஒட்டாமல் வழுக்குவதற்காக ஒரு துளி எண்ணெய் தொட்டு, வட்டம் வட்டமாகவும் பிறகு எட்டுப் போலவும் மரத்தின்மேல் ஓட்டினார். பொதி ஒரு கணமும் நிற்கலாகாது; நின்ற இடத்தில் கீழேயுள்ள பூச்சு கரைந்து வடு விழும். ஒவ்வொரு முறையும் படிவது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமே. நான்காம் நாள் காலையில் வெயில் சாய்வாக விழுந்தபோது, அதுவரை வெறும் பலகையாக இருந்த அந்த மரத்தின் ரேகைகள் தேன் நிறத்தில் ஆழங்கொண்டு அசைவதைப் போல் தோன்றியதைக் கண்டு, என் மருமகன் வாய் திறவாமல் நின்றான்.

கழுத்தின்மேல் ஒட்டியிருந்த கருஞ்செம்பலகையைப் பார்த்ததும் பெரியவர், "இது ஈட்டியில்லா? இதுக்குப் பாலிஷ் வேண்டாம், விரல் நடக்கிற இடம், ஒரு சொட்டு எண்ணெய் போதும்," என்றார். உலகத்துக் கிதார்களின் விரற்பலகைக்கு நெடுங்காலமாகப் போய்வரும் மரங்களுள் நம் மேற்குத்தொடர்ச்சி மலையின் ஈட்டியும் ஒன்று. பிரேசில் ஈட்டியின் வாணிபம் 1992இல் சர்வதேச உடன்படிக்கையால் தடுக்கப்பட்டது; 2017 முதல் ஈட்டி இனம் முழுவதுமே கட்டுப்பாட்டுக்குள் வந்தது. அரக்கும் நம் நாட்டுச் செல்வமே. புரசு, இலந்தை முதலிய மரங்களில் வாழும் சிறு பூச்சி தன் உடலைக் காக்கச் சுரப்பது அது. வினைல் வருமுன் 78 வேகத்தில் சுழன்ற இசைத்தட்டுகளும் இந்த அரக்கைக் கலந்தே வார்க்கப்பட்டன என்பதை எண்ணும்போது, சங்கீதத்துக்கும் இந்தப் பூச்சிக்கும் உள்ள உறவு கிதாரோடு தொடங்கியதன்று என்பது புலப்படுகிறது.

"இப்பம் எல்லாரும் மெலமைன், பி.யூ. கேக்காங்க; மிஷின் அடிச்சா ஒரே நாள்ல முடிஞ்சிரும்," என்று கிண்ணத்தைக் கழுவியபடி பெரியவர் சொன்னார். அவர் குரலில் புகார் இல்லை. ஆனால் அவருக்கு அருகே பொதி பிடிக்கக் கற்கும் இளங்கை ஒன்றும் இல்லாததை நான் கவனித்தேன். அந்தக் கவலை என்னோடு வீட்டுக்கும் வந்தது.

மெருகேறிய உடலை எடுத்துக்கொண்டு, ஏழாம் நாள் அதே ஊரின் மற்றொரு சந்திலுள்ள ரேடியோ ரிப்பேர் கடைக்குச் சென்றோம். பாடகர் மெகபூப் பாடித் திரிந்த, பின்னாளில் கஜல் பாடகர் உம்பாயியை ஈன்ற இந்த ஊரில், பாட்டுப்பெட்டி பழுதுபார்ப்பவருக்கு ஒரு காலத்தில் வைத்தியருக்குரிய மதிப்பு இருந்திருக்கவேண்டும். கடைக்காரரான இக்கா, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மூடித் தகட்டைக் கழற்றி உள்ளே பார்த்தார். ஒவ்வொரு பற்றையும் மரக்குச்சியால் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தவர், வால்யூம் கன்ட்ரோலின் முதுகில் வந்ததும் நின்றார்.

"மோனே, இங்கே ஈயம் உட்கார்ந்திருக்கிறது, பிடிக்கவில்லை," என்று மலையாளத்தில் சொன்னார்.

நல்ல பற்று வெள்ளிபோல் பளபளக்கும். இதுவோ மங்கி, மணலைப்போல் சொரசொரத்திருந்தது. ஈயத்தை நேரே சால்டரிங் அயனில் உருக்கிச் சொட்டவிடுவது கற்றுக்குட்டிகள் எல்லோரும் செய்யும் பிழை. இணையவேண்டிய உலோகத்தைச் சூடாக்கி, அந்தச் சூட்டிலே ஈயம் தானே உருகிப் பாயச் செய்வதே முறை. கன்ட்ரோலின் முதுகை உப்புத்தாளால் சுரண்டி, பிசின் தடவி, அயனை வைத்து மூன்று நான்கு எண்ணி ஈயத்தைத் தொட்டார். அது நீர்போல் பரவிற்று. அயனை எடுத்த பிறகும், ஈயம் உறையும்வரை ஒயரை அசைக்காமல் மூச்சடக்கிப் பிடித்திருந்தார்.

அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு லியோ ஃபெண்டரின் ஞாபகம் வந்தது. 1938இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தவர் அவர். கிதார் வாசிக்கத் தெரியாதவர். அவர் 1950இல் சந்தைக்குக் கொண்டுவந்து, பிறகு டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்ற கிதாரின் வடிவமே என் மருமகனின் கிட்டும். கழுத்தைத் திருகாணியால் உடலோடு பூட்டியதும், உள்ளுறுப்புகளைத் தகட்டைக் கழற்றி எட்டும்படி வைத்ததும் பழுதுபார்ப்பவரின் புத்தி. அவருடைய கிதார்களுக்குப் பூசிய வர்ணங்களும், நம் ஊர் மேஜை நாற்காலிக்காரர்கள் இன்றும் 'டுக்கோ' என்று சொல்லும் கார்ப் பெயிண்ட் வகையிலிருந்தே பெரும்பாலும் எடுக்கப்பட்டன. வீணைக்கும் வயலினுக்கும் பரம்பரையான வாத்தியத் தச்சர்கள் உண்டு. எலெக்ட்ரிக் கிதாரோ ரேடியோக்காரரின் மேஜையில் பிறந்து, மரக்காரர்களும் வர்ணக்காரர்களும் சேர்ந்து வளர்த்த பிள்ளை. ஆகையால் மட்டாஞ்சேரிச் சந்துக்கு அது வந்தது அந்நிய வீட்டுக்கு வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள். 0.06 மில்லிமீட்டர் பருமனுள்ள கம்பி, ஏறத்தாழ எட்டாயிரம் சுற்று. எஃகுத் தந்தி அதன்மேல் அதிரும்போது சுருளில் மின்சாரம் பிறக்கிறது; 1831இல் ஃபாரடே கண்ட உண்மையே இது. ஆனால் அந்தச் சுருளுக்குத் தந்தி எது, சுவருக்குள் ஓடும் மின்சாரம் எது என்ற பேதம் தெரியாது. நொடிக்கு 50 அலைகளாய் ஓடும் மின்சாரத்தின் முணுமுணுப்பையும் அது அப்படியே வாங்கிக்கொள்கிறது. இக்கா உட்குழிக்குச் செம்புத் தகடு ஒட்டி, அதையும் கன்ட்ரோல்களையும் பிரிட்ஜையும் ஒரே எர்த்தில் கோத்தார். பிரிட்ஜுக்கு எதற்கு ஒயர் என்று மருமகன் கேட்டான்.

"நம் உடம்பும் ஓர் ஏரியல்தான், மோனே. காற்றிலுள்ள இரைச்சலையெல்லாம் பிடித்துக் கிதாரிடம் கொடுக்கும். தந்தியைத் தொட்டால் நீயும் எர்த்தோடு சேர்ந்துவிடுவாய்," என்றார்.

மூடித் தகட்டைத் திருகி, தந்திகளைக் கூட்டி, கடையிலிருந்த பழைய ஆம்ப்ளிஃபையரில் செருகினார். சுருதி சேர்க்கும் முன் மெல்லிய ரீங்காரம் ஒன்று எழுந்தது. மருமகன் முகம் வாடிற்று. இக்கா அவன் இடக்கையைப் பிடித்துத் தந்திகளின்மேல் வைத்தார். ரீங்காரம் ஓய்ந்தது, தெருவில் மிளகு மூட்டை இறக்குகிறவர்களின் குரல் தெளிவாகக் கேட்டது. அவன் கையை எடுத்தான், மறுபடி வைத்தான், மறுபடி எடுத்தான். பிறகு வலக்கையால் ஒரே ஒரு தந்தியை மீட்டிவிட்டு, அந்த நாதம் முழுவதும் அடங்கும்வரை அசையாமல் கேட்டுக்கொண்டு நின்றான்.