வகையறாவில் சேர்க்கக் கூடாத பெயர்

கார்கில் போர் நடந்த 1999ஆம் வருடம் நாமக்கல் தனி மாவட்டமாகி இரண்டரை வருடம்தான் ஆகியிருந்தது. டிராஸ், படாலிக், டோலோலிங் என்ற பெயர்களெல்லாம் அப்போது நம் டீக்கடைகளில் சர்வசாதாரணமாகப் புழங்கின. வட இந்தியாவுக்கு லோடு ஏற்றிப் போய் வந்த லாரி டிரைவர்கள் ஸ்ரீநகர் ரோட்டைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். படாலிக்கில் திருச்சி மேஜர் சரவணன் உயிர் துறந்த செய்தி வந்த பிறகு, அந்தப் போர் நம் பக்கத்து வீட்டுத் துக்கமாகவே ஆகிவிட்டது.

அந்த மலைகளுக்கு மேலே இரண்டு பெண்கள் ஹெலிகாப்டர் ஓட்டினார்கள். ஒருவர் குஞ்சன் சக்சேனா. இன்னொருவர் ஸ்ரீவித்யா ராஜன், கேரளத்தைச் சேர்ந்தவர். நம் விமானப்படையின் முதல் பெண் பைலட்டுகள் பயிற்சி முடித்தது 1994 டிசம்பரில்தான். ஐந்தே வருடத்தில் போர் வந்துவிட்டது.

அவர்கள் ஓட்டியது சீட்டா என்ற சிறிய ஹெலிகாப்டர். பெங்களூர் ஹெச்.ஏ.எல். தொழிற்சாலையில் செய்தது என்றாலும், அதன் பூர்வீகம் பிரான்ஸ். அங்கே அதற்கு லாமா என்று பெயர். இமயமலை உயரத்துக்கு ஏற்றதாக நம் ராணுவம் கேட்டதற்காகவே வடிவமைத்தார்கள். 1972இல் ழான் பூலே என்ற பிரெஞ்சு பைலட் இதில் 12,442 மீட்டர் உயரம் ஏறி உலக சாதனை செய்தார். இதற்கு முந்தைய மாடலின் பெயர் 'அலுவெத்'. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு அது சிறுவயதிலேயே தெரிந்த சொல். வானம்பாடி என்று அர்த்தம்.

இந்த வானம்பாடிக்குப் பீரங்கி கிடையாது, குண்டு கிடையாது. காயம்பட்ட ஜவான்களை ஏற்றி வருவது, மேலே இருப்பவர்களுக்குச் சாமான் போடுவது, எதிரி எங்கே ஒளிந்திருக்கிறான் என்று பார்த்து வந்து சொல்வது, இவைதான் அதன் வேலை. ஆனால் ஆபத்து குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். மே 28 அன்று டோலோலிங் பக்கம் நம் எம்ஐ-17 ஹெலிகாப்டர் ஒன்றை ஏவுகணையால் வீழ்த்தினார்கள். அதில் இருந்த நான்கு பேரும் இறந்தார்கள். அதே போரில்தான் இந்த இரண்டு பெண்களும் பறந்தார்கள்.

2020 ஆகஸ்டில், ஊரடங்கு சமயத்தில், குஞ்சன் சக்சேனாவின் கதை இந்திப் படமாக வந்தது. என் பேத்தி லேப்டாப்பில் போட்டுக் காட்டினாள். நன்றாகத்தான் எடுத்திருந்தார்கள். ஆனால் அந்த உதம்பூர் பிரிவில் ஒரே ஒரு பெண்தான் இருந்ததாகக் காட்டியிருந்தார்கள். படம் வந்த சில நாட்களில் ஸ்ரீவித்யாவே இதைப் பற்றி எழுதினார். 1996இல் இருவரும் சேர்ந்தேதான் உதம்பூருக்குப் போனோம் என்றார். போர் தொடங்கியதும் ஸ்ரீநகருக்குப் போன முதல் குழுவில் தான் இருந்ததாகவும், குஞ்சன் சில நாட்கள் கழித்து அடுத்த குழுவோடு வந்ததாகவும் சொன்னார். அதே பதிவில் குஞ்சனைத் திறமையான அதிகாரி என்று பாராட்டியும் இருந்தார். அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

நான் வருவாய்த் துறையில் குமாஸ்தாவாக இருந்தவன். பழைய பட்டாக்களில் முதல் பெயரை எழுதிவிட்டு 'வகையறா' என்று முடித்துவிடுவார்கள். அண்ணன் தம்பி பெயராவது ஊருக்குத் தெரியும். அந்தச் சொல்லுக்குள் போன பெண்கள் பெயர் திரும்பி வராது. ராசிபுரம் பக்கத்து அம்மா ஒருவர் ஒருமுறை என் மேஜை முன் நின்று கேட்டார்: "ஏனுங்க, வகையறான்னு போட்டா அதுக்குள்ள நான் இருக்கறேன்னு யாருக்குங்க தெரியும்? நாளைக்கு பேங்க்குல கேட்டா எதைங்க காட்டறது?" தாசில்தார் உத்தரவு வாங்கி, கூட்டுப் பட்டாவில் அவர் பெயரைத் தனி வரியாக எழுதிக் காட்டிய பிறகுதான் அவர் பஸ் ஏறினார்.

ஸ்ரீவித்யாவின் பெயர் விடுபட்டதில் நஷ்டம் அவருக்கு மட்டும் அல்ல. ஒரே பெண் பறந்தாள் என்றால் அது ஓர் அதிசயம், எங்கோ தப்பிப் பிறந்த வீராங்கனை என்று கைதட்டிவிட்டுப் போய்விடுவோம். இரண்டு பேர் முறை வைத்து, மாறி மாறி, தினப்படி டியூட்டியாகப் பறந்தார்கள் என்றால் அது பெண்களால் ஆகக்கூடிய உத்தியோகம் என்று ஊர் ஒப்புக்கொள்ள வேண்டி வரும். அடுத்து வரும் பெண்ணுக்கு உதவுவது இந்த இரண்டாவது கணக்குதான்.

பிரான்ஸிலும் இதே கதைதான். மரி மார்வேன் என்ற பெண் 1915இலேயே ஜெர்மானியர் மீது விமானத்தில் போய்க் குண்டு போட்டுப் பதக்கம் வாங்கியவர். காயம்பட்டவர்களை ஏற்றிவர ஆம்புலன்ஸ் விமானம் வேண்டும் என்று அதற்கும் முன்பிருந்தே போராடியவர். ழான் தார்க்கின் கதையை நான் மனப்பாடமாகப் படித்தேன். மார்வேன் பெயரை எந்தப் பாடத்திலும் பார்த்த நினைவில்லை.

2016 ஜூன் 18 அன்று நம் விமானப்படையின் முதல் பெண் போர் விமானிகள் ஹைதராபாத் அருகே துண்டிகல்லில் பொறுப்பேற்றார்கள். அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் என்று மூன்று பெயரும் பேப்பரில் முழுசாக வந்தன. படித்தபோது சந்தோஷமாக இருந்தது.

உங்கள் பேரன் பேத்திகள் அந்தப் படத்தைப் பார்த்தால் பார்க்கட்டும். முடிந்ததும் ஸ்ரீவித்யா ராஜன் என்ற பெயரையும் சொல்லிவையுங்கள்.