லேபிளில் இல்லாத பெயர்

ஒயின் என்ற வார்த்தையைக் கண்டதும், "நமக்கு எதற்கு இந்தச் சமாசாரம்?" என்று அடுத்த பக்கத்துத் தொடர்கதைக்குத் தாவிவிடாதீர்கள். உங்களைக் குடிக்கச் சொல்லப் போவதில்லை. நானும் குடித்தவள் இல்லை. ஒரு பாட்டிலின் மேல் ஒட்டியிருக்கும் சின்னக் காகிதத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அந்தக் காகிதத்தில் ஒரு பெயர் இல்லை. அது ஏனோ என் மனத்தை விட்டு அகலமாட்டேன் என்கிறது.

பிரான்சின் தென்மேற்கே போர்தோ என்று ஒரு துறைமுக நகரம். அதற்கு வடக்கே, ஜிரோந்து என்ற அகன்ற கழிமுகத்தின் இடது கரையில், போயாக் என்று ஓர் ஊர். அங்கேதான் இருக்கிறது 'ஷாத்தோ மூத்தோன் ரோத்ஸ்சைல்டு' என்ற திராட்சைத் தோட்டம். ஷாத்தோ என்றால் மாளிகை. மூத்தோன் என்றதும் வீட்டின் மூத்த பிள்ளை என்று எண்ணிவிடாதீர்கள். பிரெஞ்சு மொழியில் அதற்கு அர்த்தம் செம்மறி ஆடு!

அந்த மண்ணைப் பார்த்தால் நம் ஊர் விவசாயி உதட்டைப் பிதுக்குவார். எங்கு பார்த்தாலும் சரளையும் கூழாங்கல்லுந்தான். ஆனால் அதுதான் அந்தத் தோட்டத்தின் செல்வம். தண்ணீர் மேலே தேங்குவதில்லை. அதைத் தேடி வேர் ஆழமாக இறங்குகிறது. பகல் வெயிலைக் கற்கள் வாங்கி வைத்துக்கொண்டு இரவில் கொடிக்குத் திருப்பித் தருகின்றன. அங்கே பெரும்பகுதியும் 'கபர்னே சோவினியோன்' என்ற ரகந்தான். பழம் சிறிது, தோல் தடிப்பு. ஒயினுக்குச் சிவப்பு நிறத்தைத் தருவது அந்தத் தோல்தான்.

புளித்து அடங்கிய சாற்றை ஓக் மரப் பீப்பாய்களில் ஊற்றி ஒன்றரை வருஷத்துக்கு மேல் வைத்திருக்கிறார்கள். ஆவியாகிக் குறையக் குறைய நிரப்ப வேண்டும். அடி வண்டல் கலங்காமல், நாம் ரசத்தைத் தெளிவாக இறுப்பதுபோல, வேறு பீப்பாய்க்கு இறுத்து மாற்ற வேண்டும். ஒயினைத் தெளிய வைக்க அந்தப் பக்கத்தில் பழங்காலமாகக் கையாளும் பொருள் எது தெரியுமா? முட்டையின் வெள்ளைக்கரு! மிஞ்சிய மஞ்சள் கரு வீணாகக்கூடாதே என்றுதான் 'கானலே' என்ற கேக் பிறந்தது என்று போர்தோவில் ஒரு கதை சொல்வார்கள். கதையோ நிஜமோ, அதில் ஒரு குடும்பத் தலைவியின் சிக்கனம் தெரிகிறது.

இந்தத் தோட்டத்தை 1853-இல் ரோத்ஸ்சைல்டு குடும்பத்து நத்தானியேல் பிரபு வாங்கினார். இரண்டு வருஷத்தில் ஓர் அவமானம். 1855-இல் பாரிஸ் பொருட்காட்சிக்காக அந்த வட்டாரத்து ஒயின்களைத் தரம் பிரித்தபோது, நான்கு தோட்டங்களுக்கு முதல் பந்தி கிடைத்தது. மூத்தோனை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள்.

1922-இல் நிர்வாகம் பிலிப் பிரபுவின் கைக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது இருபதுதான். அதுவரை ஒயினைப் பீப்பாய்க் கணக்கில் வியாபாரிகளுக்கு விற்றுவிடுவது வழக்கம். பாட்டிலில் அடைப்பது அவர்கள் பாடு. "என் பெயரில் போகிற பொருளை நானே அடைப்பேன்" என்று 1924-இல் அவர் கிளம்பினார். அந்த ஆண்டு லேபிளுக்கு ஓர் ஓவியரைப் படம் போடவும் சொன்னார்.

பிறகு போர் வந்தது. யூதர் என்பதால் பிலிப்பின் சொத்து பறிபோயிற்று. தோட்டத்தில் ஜெர்மானியப் படை வந்து தங்கியது. அவர் தப்பி, லண்டன் போய், தெ கோலின் சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார்.

அவருடைய மனைவி எலிசபெத்? அவர் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அந்த இல்லறம் இனிக்கவில்லை. இருவரும் தனித்தனியே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். 1944-இல் பாரிஸில், பத்து வயது மகள் பிலிப்பீனின் கண்ணெதிரே, கெஸ்டாப்போ போலீஸார் எலிசபெத்தைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 1945 மார்ச்சில், ராவன்ஸ்புரூக் என்ற பெண்கள் வதை முகாமில் அவர் உயிர் பிரிந்தது. இன்னும் இரண்டே மாதம் இருந்திருந்தால் ஐரோப்பாவில் போர் முடிந்திருக்கும்.

அந்த மே மாதம் போர்தோவில் கடும் உறைபனி விழுந்து இளந்தளிர்கள் கருகின. தப்பிய கொடிகளுக்கு வெயிலும் வறட்சியுமான கோடை. காய்த்தது கொஞ்சம், ஆனால் அந்தக் கொஞ்சத்தில் இறங்கிய சாரம் அபாரம். உலகில் பிறந்த மிகச் சிறந்த ஒயின்களில் ஒன்று என்று இன்றுவரை அதைப் புகழ்கிறார்கள். பிலிப் ழூலியன் என்ற இளம் ஓவியர் அதன் லேபிளில், வெற்றியைக் குறிக்கும் 'வி' எழுத்தை இலைமாலை சூழ வரைந்தார். 'வெற்றி ஆண்டு' என்று கீழே எழுத்து.

எலிசபெத்தின் பெயர் அதில் இல்லை. இருக்க நியாயமும் இல்லை என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். லேபிள் என்ன, நினைவுக் கல்லா? ஆனாலும், ஒரே வருஷத்துக்கு ஊரார் கணக்கில் வெற்றி என்றும், ஒரு குழந்தையின் கணக்கில் அம்மா இல்லாமற் போன வருஷம் என்றும் இரண்டு பெயர் இருக்கிறதே!

அதன்பின் பெரும்பாலும் ஆண்டுக்கு ஓர் ஓவியர் லேபிளை அலங்கரித்தார். பிராக், தாலி, ஷகால் எல்லாரும் வந்தார்கள். அவர்களுக்குச் சன்மானம் பணமாக இல்லை, ஒயினாக! 2009-ஆம் ஆண்டு லேபிள், பம்பாயில் பிறந்த அனிஷ் கபூரின் கைவண்ணம். 1973-இல், 118 வருஷங்களுக்குப் பிறகு, மூத்தோனுக்கு முதல் பந்தியும் கிடைத்தது. அந்த உத்தரவில் கையெழுத்திட்ட விவசாய மந்திரி ஜாக் சிராக், பின்னால் பிரான்சின் ஜனாதிபதியானார்.

அம்மாவைப் பறிகொடுத்த அந்தச் சிறுமி என்ன ஆனாள்? வளர்ந்து நடிகையானாள். பாரிஸின் புகழ்பெற்ற 'கொமேதி பிரான்சேஸ்' மேடையில் நடித்தாள். 1988-இல் தந்தை காலமானதும் தோட்டத்தின் பொறுப்பைத் தோளில் ஏற்றுக்கொண்டாள். அந்த லேபிள் ஓவியங்களை ஊர் ஊராக எடுத்துச் சென்று உலகுக்குக் காட்டினாள். 2014-இல், எண்பது வயதில், காலமாகும் வரை அங்கே அவள் ராஜ்யந்தான்.

வெற்றி லேபிளையும் அவள் எத்தனை தடவை கையில் எடுத்திருப்பாள்! பார்க்க வந்தவர்களுக்கு 'வி' என்ற எழுத்து தெரிந்திருக்கும். எழுதாத பெயரைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.